சுவரில் தேன் குடித்த வண்டு

அந்தக் காலத்தில், மரமும் பூச்சியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், கருவண்டு கறுப்பாக இருக்கவில்லை. உடம்பெல்லாம் பளீரென்ற மஞ்சள், றெக்கை மட்டும் பழுப்பு. மஞ்சள் கிழங்குக்கு றெக்கை முளைத்திருக்கிறது என்று ஊரார் கேலி செய்வார்கள். அதற்கோ அதில் ஒரே பெருமை.

பொதிகை மலையடிவாரத்தில் ஆனைக்கல் என்றொரு ஊர். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் ஒரு செண்பக மரம் நின்றது. விடிந்து மொட்டு அவிழ்ந்ததும் வண்டு வந்துவிடும். முதல் பூவில் உட்கார்ந்து தேன் குடித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்லும். செண்பகத்துக்குக் கால் கிடையாது அல்லவா? ஊரில் யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மாமியாரோடு சண்டை பிடித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் வண்டு சொல்லித்தான் அதற்குத் தெரியும். வண்டு சொன்னதை அது ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த வருடம் ஊர் நாட்டாமை மாசானம், வழக்குப் பேசுவதற்கென்று புதிதாக ஒரு மண்டபம் கட்டினார். அதுவரை புளியமரத்தடியில் வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் அண்ணாந்து புளியங்காயைப் பார்த்தபடி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மாசானத்துக்கு அது பொறுக்கவில்லை. புது மண்டபத்தின் கிழக்குச் சுவரில் ஒரு பூவை எழுதி வைப்பது, சாட்சிக்காரர்கள் அதைத் தொட்டுவிட்டுப் பேசுவது என்று ஏற்பாடு செய்தார். உண்மைக்கு அடையாளமான பூவாக அது இருக்க வேண்டும்.

படம் எழுத முப்பிடாதியைக் கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீடு, கோயில் வீடு எங்கும் அவள் எழுதிய சுவர்கள்தான்.

"என்னென்ன வண்ணம் அரைக்கணும்?" என்று கேட்டாள்.

"வண்ணமே வேண்டாம்" என்றார் மாசானம். "சுண்ணாம்புச் சுவர், விளக்குக் கரி. அவ்வளவுதான். நடந்துச்சா, நடக்கலையா? ரெண்டுல ஒண்ணுதான சாட்சி? நடுவுல பச்சையும் செவப்பும் எதுக்குங்கேன்?"

முப்பிடாதிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. ஆனால் எந்தப் பூ என்பதில்தான் தகராறு. தாமரைக்காக ஒரு தவளை வந்து மணிக்கணக்கில் பேசியது. சேற்றில் பிறந்தாலும் சேறு ஒட்டாத பூ, அதைவிட உண்மைக்கு வேறு அடையாளம் உண்டா என்று கேட்டது. பொழுது சாய்ந்தால் தாமரை மூடிக்கொள்கிறதே, சாட்சிக்காரனும் வெயிலைப் பார்த்து வாயைத் திறந்து மூடினால் வழக்கு என்னாவது என்று மாசானம் மடக்கினார். மல்லிகைக்காகப் பேச ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எருக்கம்பூவுக்குப் பேச, பாவம், ஒருவரும் வரவில்லை.

முப்பிடாதி வீட்டுக்குப் போய், சேலைப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சருகை எடுத்துவந்து நாட்டாமையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போன வருசம் போட்ட செண்பகப்பூ. மோந்து பாருங்க. காஞ்சு சருகான பிறகும் வாசம் மாறலை."

மாசானம் முகர்ந்து பார்த்தார். பிறகு, "இதையே எழுது" என்றார்.

சேதியை வண்டுதான் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனது. செண்பகத்துக்கு மகிழ்ச்சியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"மஞ்சள் இல்லாம நான் எப்படி இருப்பேன்?" என்று கேட்டது. "வாசமும் இருக்காது, நிறமும் இருக்காது. அப்புறம் அதுல நான் எங்க இருக்கேன்? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதியா?"

"இதென்ன கேள்வி? பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லுதேன்" என்றது வண்டு.

முப்பிடாதி ஆமணக்கெண்ணெய் விளக்கின் கரியை வழித்து, வேப்பம்பிசின் சேர்த்துக் குழைத்தாள். தாழை விழுதைத் தட்டி நார் நாராக்கி அதையே தூரிகையாக வைத்துக்கொண்டாள். மூன்று நாள் எழுதினாள். நான்காம் நாள் காலையில் திரையை விலக்கினார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. 

"இது முருங்கைப்பூ மாதிரில்லா இருக்கு" என்றான் ஒருவன்.

"வாழைப்பழத்தை உரிச்சு வச்ச மாதிரி இருக்குவே" என்றான் இன்னொருவன்.

தவளைக்குக் கொண்டாட்டம். "எங்க தாமரையக் கரியில எழுதினாலும் சரி, சாணியில எழுதினாலும் சரி, பச்சப்புள்ள கூட தாமரைன்னு சொல்லும். இது என்ன பூன்னு பக்கத்துல எழுதிப் போடணும் போல இருக்கே!"

முப்பிடாதிக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் ஒரு இதழைக்கூடத் தப்பாக எழுதவில்லை. மஞ்சளையும் வாசத்தையும் வைத்தே பூவைத் தெரிந்துவைத்திருந்த ஊருக்கு, அதன் வடிவம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

மாசானம் யோசித்தார். "இந்தப் பூவைத் தினமும் கிட்டப் போய்ப் பார்க்கிற ஆள் ஒருத்தர் சாட்சி சொல்லட்டும். ஒத்துக்கிடுதேன். இல்லைன்னா சுண்ணாம்பு அடிச்சிட்டுத் தாமரைய எழுதச் சொல்லிருவேன்."

எல்லோருடைய கண்களும் வண்டின் பக்கம் திரும்பின.

வண்டு சுவருக்குக் கிட்டே பறந்துபோய்ப் பார்த்தது. இதழின் நீளம், நுனியின் வளைவு, நடுவிலிருக்கும் கதிர், எல்லாம் அச்சாகச் செண்பகமேதான். ஆனால் கரி நாற்றம் அடித்தது. செண்பகத்தின் உருவம்தான், வெறும் கரியில் எழுதியது என்று சொல்லியிருந்தால் போதும். மாசானம் கேட்டது அதைத்தானே? ஆனால் அந்தப் பக்கம் தவளை இளித்துக்கொண்டு நிற்கிறது. ஊரார் முகத்தில் நம்பிக்கை இல்லை. சிநேகிதியின் இடம் பறிபோய்விடுமோ என்று வண்டுக்குப் பதறியது.

"செண்பகமேதான்!" என்றது. "வாசம் கூட வருது. தேனும் இருக்கு!"

"தேனா? சுவர்லயா?" என்றார் மாசானம்.

"ஆமா. வேணும்னா குடிச்சே காட்டுதேன்." சுவரில் உட்கார்ந்து, காயாத கரிக்குள் மூஞ்சியைப் புதைத்து உறிஞ்சுவதுபோல் ஓசை எழுப்பியது. "தித்திப்பா இருக்கு!"

கூட்டம் ஆரவாரித்தது. பூச்சியையே மயக்கிய ஓவியம் என்று முப்பிடாதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தவளை குளத்துக்குத் திரும்பிப் போயிற்று.

சேதி பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. தினமும் காலையில் மண்டபத்து வாசலில் கூட்டம், சுவரில் தேன் குடிக்கும் வண்டைப் பார்க்க. வண்டும் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே! செண்பகம் அவிழும் அதே நேரத்தில் அது சுவரில் கரியை நக்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி ஆட்கள் கலைந்த பிறகு, வயிறு காய்ந்துபோய், வழியில் கிடைத்த பூவில் எதையாவது குடித்துக்கொள்ளும். ஓடைக்கரைப் பக்கம் போகவே இல்லை. போனால், படத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று செண்பகம் கேட்கும். சுவரில் தேன் குடித்தேன் என்று சிநேகிதியிடமே எப்படிச் சொல்வது?

எட்டு நாளாயிற்று. படத்தின் நடுவில் கரி தேய்ந்துகொண்டே வருவதை முப்பிடாதி கவனித்தாள். திருத்தி எழுதுவதற்காகப் பூவை இன்னொரு தடவை பார்க்கலாமென்று ஓடைக்கரைக்குப் போனாள்.

"என் சிநேகிதனைப் பாத்தியா தாயி?" என்று செண்பகம் கேட்டது. "எட்டு நாளா ஆளைக் காணும். றெக்கை கிக்கை ஒடிஞ்சு எங்கயும் விழுந்து கிடக்கோ என்னவோ."

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. தெனமும் சுவர்ல உன் தேனைத்தான் குடிச்சிட்டு இருக்கு" என்றாள் முப்பிடாதி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தேனாவது, சுவராவது! ஊர் புகழ்ந்த மயக்கத்தில் அவளும் யோசிக்காமல் இருந்துவிட்டாள்.

செண்பகம், "நாட்டாமையைக் கொஞ்சம் இங்க வரச் சொல்லு" என்றது.

மரம் மண்டபத்துக்கு வர முடியாது. அதனால் மண்டபம் மரத்தடிக்கு வந்தது. மாசானம் வந்தார், ஊர் வந்தது, தவளையும் வந்தது. வண்டை நடுவில் ஒரு கல்லில் உட்கார வைத்தார்கள். மூஞ்சி, கால், வயிறு எல்லாம் கரி. மஞ்சள் எங்காவது தெரிகிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

"என்ன தாயி, யார் மேல வழக்கு?" என்றார் மாசானம்.

"என் மேலதான்" என்றது செண்பகம். "பொய்ச் சாட்சியால எனக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. எனக்கு அது வேண்டாம். சுவர்ல இருக்கது கரி. கரியில தேன் கிடையாது. தாமரையவே எழுதிக்கிடுங்க."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. ஆனைக்கல்லில் பொய்ச் சாட்சி சொன்னவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊரைச் சுற்றி வரச் செய்வார்கள். 

செண்பகம் குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்காகத்தான சொன்ன? எனக்குத் தெரியும்" என்றது. "சுவர்ல தேன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. தண்டனையில பாதிய நான் வாங்கிக்கிடுதேன். என் பூவுலயும் புள்ளி குத்தட்டும்."

வண்டு செண்பகத்தைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. எட்டு நாளாகத் தன்னைப் பார்க்க வந்து வியந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

"இருக்கு" என்றது. "சுவர்ல தேன் இருக்கு. குடிச்சேன்."

மாசானம் எழுந்தார். வண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கரும்புள்ளி குத்துறதுக்கு உடம்புல இடமே இல்லையேவே" என்றார். சிலர் சிரித்தார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. அதற்கு அழுகை வந்தது.

"அப்படின்னா அங்கேயே குடி" என்றது. "என்கிட்ட வராத. இல்லைன்னு சொல்ல என்னைக்கு மனசு வருதோ, அன்னைக்கு வா. விடியல்ல நான் திறந்துதான் இருப்பேன்."

மாசானம் படத்தை அழிக்கவில்லை. கிடைத்த இடத்தைத் தானே வேண்டாமென்ற பூவைவிட வேறு பூ எதற்கு என்று கேட்டார். தவளைகூட மறுத்துப் பேசவில்லை. தேய்ந்த இடத்தில் முப்பிடாதி மறுபடி கரி பூசினாள். சாட்சி சொல்ல வருகிறவர்கள் அதைத் தொட்டார்கள். விரலில் கரி ஒட்டியது. பேசி முடித்து வீடு போய்ச் சேரும் வரை அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வண்டு சுவருக்குத் திரும்பிப் போய், அங்கே தேன் கிடைக்காமல் பறந்தது. தேன் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. இனி எங்கேயாவது இருந்தே ஆக வேண்டும். இந்தச் சுவரில் இல்லாவிட்டால் அடுத்த சுவரில், சுவரில் இல்லாவிட்டால் மரச்சட்டத்தில் என்று தேடத் தொடங்கியது.

அன்று முதல்தான் கருவண்டு கறுப்பாகி, வீடு வீடாகப் போய் உத்திரத்தையும் நிலைச்சட்டத்தையும் குடைந்துகொண்டிருக்கிறது. அன்று முதல்தான் செண்பகமும், கிட்டே போனால் மட்டுமே தெரிந்த தன் வாசத்தைத் தெருக்கோடி வரைக்கும் அனுப்பிவைக்கிறது. ஊரே முகர்கிறது, வண்டு மட்டும் போவதில்லை.