சக்கரத்தடியில் ஒரு கட்டை

“என் சம்சாரம் எனக்கு அப்ஸ்டக்கிள்,” என்றார் சபாரத்தினம்.

அறுபதை நெருங்கும் ஆங்கில வாத்தியார் அவர். கேட்டுக்கொண்டிருந்தவர் மாசிலாமணி, பத்து வயது இளையவர். திருவிழாவில் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். மனசு சரியில்லை என்றால் ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள்.

“அப்டின்னா என்னங்க?”

“குறுக்க நின்னு போகவிடாம தடுக்கிறது.”

“எங்கெங்க சொல்லலாம்?”

சபாரத்தினத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. உதாரணம் கேட்டால் எந்த வாத்தியாருக்குத்தான் மலராது?

“ரோட்டுல மரம் விழுந்து கிடந்தா சொல்லலாம். ஆத்து நடுவுல பாறை நின்னா சொல்லலாம். நான் சன்னியாசம் வாங்கப்போறேன். பெண்டாட்டி சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்னு மடத்துல சொல்றாங்க. மூணு வருஷமா போடமாட்டேங்கிறா. அவளையும் சொல்லலாம்.”

“அந்தம்மாவுக்கு இந்த வார்த்தை தெரியுமா?”

“தினம் சொல்றேனே. அவளுக்குப் பாடமே ஆயிருச்சு.”

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்குத் தேரு. என்கூட வந்து சக்கரத்துக்கிட்ட நில்லுங்க வாத்தியாரே.”

மறுநாள் போய் நின்றார். ஆளுயரச் சக்கரம். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்க, தேர் அசைந்து வந்தது. சபாரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேல வீதியில் சரிவு. தேர் வேகம் பிடித்தது. மாசிலாமணி குனிந்து சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்தார்.

சபாரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

“சாமி போறப்ப மறிக்கிறீங்களே!”

கட்டையின் பிடியைப் பற்றி வெடுக்கென்று இழுத்துவிட்டார்.

தேர் பாய்ந்தது.

வடம் பிடித்தவர்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். ஒரு பெண் மட்டும் கால் தடுக்கிச் சக்கரத்துக்கு நேரே விழுந்தாள்.

மாசிலாமணி பக்கத்தில் கிடந்த இன்னொரு கட்டையைச் செருகி, அதன் பிடியில் உடம்பையே சாய்த்து அழுத்தினார். கட்டை கிறீச்சிட்டது. புகைந்தது. தேர் நின்றது.

அவள் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி.

சபாரத்தினம் ஓடிப்போய்ப் பார்த்தார். வடிவாம்பாள். அவர் மனைவி.

அவருக்கு வாயில் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

அவளே மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“நீ... நீ எங்க இங்க?”

“வேண்டிக்கிட்டேங்க. நாலு வீதியும் வடம் புடிச்சு, தேர் நிலைக்கு வந்ததும் மனசைக் கல்லாக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடறதுன்னு. இன்னும் ஒண்ணரை வீதிதான்.”

புடவையைத் தட்டிவிட்டுப் போய் மறுபடி வடத்தைப் பிடித்தாள்.

“கட்டையை எடுங்க வாத்தியாரே,” என்றார் மாசிலாமணி. “தேர் போகணும்.”

சபாரத்தினம் சக்கரத்தடியில் உட்கார்ந்து, கட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்,” என்றார். “போக வேண்டாம்.”