அத்திப்பழச் சோமாசியும் அவசரக் கரடியும்

அந்தக் காலத்தில் மிருகங்களும் மனுஷர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ஆடு மேய்க்கப் போனவன் வழி தவறினால் ஆட்டிடமே வழி கேட்பான். நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று தவளை முதல் நாளே சொல்லிவிடும். சொன்னது பொய்த்துப்போனால் வீடு வீடாக வந்து மன்னிப்பும் கேட்கும்.

கரடியும் பேசும். ஆனால் அதனிடம் பேச்சுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அப்போது கரடிக்கு மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒரு பல்கூடக் குறையாமல் இருந்தது. வாயைத் திறக்கும், லபக்! மூடும். மாம்பழமோ தேன்கூடோ, எதுவானாலும் நாம் கண்ணைச் சிமிட்டுவதற்குள் வயிற்றுக்குப் போயிருக்கும். மெல்லுவது, ருசி பார்ப்பது, ஆறவைப்பது போன்ற சங்கதிகள் எதுவும் அதற்குத் தெரியாது.

அந்தக் கரடியின் மலைக்கு அடிவாரத்தில் ஒச்சம்மா குடியிருந்தாள். அத்திப்பழச் சோமாசி சுடுவதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அத்திப்பழத்தை இடித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிண்டி, ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பூரணம் செய்வாள். நெய் விட்டுப் பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் பூரணத்தை வைத்து, அரை வட்டமாக மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்குவாள். எண்ணெயில் போடுவதெல்லாம் கிடையாது. அகலமான மண்சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன்மேல் தட்டில் சோமாசிகளை அடுக்கி, மூடியைப் போட்டு, மூடியின் மேலும் கொட்டாங்கச்சித் தணலை அள்ளி வைப்பாள். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. நடுவில் சோமாசி பொன்னிறமாக வெந்து வரும்.

அவள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. சட்டியிலிருந்து எடுத்த சோமாசியை உடனே யாரும் தொடக்கூடாது. கிணற்றுக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்த பிறகுதான் கை வைக்கலாம். ஏனென்றால் மேல்தோல் சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே இருக்கிற பூரணம் ஆறாது. அவள் புருஷன் அழகுமலை ஒருமுறை பொறுக்காமல் கடித்துவிட்டு, நான்கு நாள் வெறும் மோரைக் குடித்துக்கொண்டு, பெண்டாட்டியை "ஒஹ்ஹம்மா, ஒஹ்ஹம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தான்.

அன்றைக்கு நாத்தனார் வளைகாப்புக்கு நூறு சோமாசி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கலயத்தில் இருந்ததோ மூன்று கைப்பிடிப் பழம். "மலைக்குப் போய்ப் பறிச்சுட்டு வர்றேன்" என்று காலையில் கூடையோடு கிளம்பிய அழகுமலை, வெயில் சாய்ந்தும் வந்து சேரவில்லை. ஒச்சம்மா மாவைப் பிசைந்துகொண்டே பத்துத் தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டாள்.

பதினோராவது தடவை எட்டிப் பார்த்தபோது, வேலிமேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது.

"யக்கா! சேதி கொண்டாந்திருக்கேன். யார் குரல்ல சொல்லட்டும்?"

"யார் சேதியோ அவங்க குரல்லயே சொல்லித் தொலை."

மைனா நெஞ்சை உப்பிக்கொண்டது. உள்ளங்கை அளவு உடம்பிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் வந்தது. "ஏ, அடிவாரத்துப் பொம்பள! உன் புருசன் என் அத்திமரத்து மேல உக்காந்திருக்கான். நான் மரத்துக்குக் கீழ உக்காந்திருக்கேன்!"

ஒச்சம்மாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

மைனா உடனே தோளைக் குறுக்கி, மூக்கால் பேசியது. "ஒச்சம்மா... நான்தான் புள்ள... நல்லாத்தான் இருக்கேன்... ஏன்டா என் பழத்தைத் திருடுனேன்னு கேட்டாரு. திருடல சாமி, என் பொண்டாட்டி இதுல ஒரு பலகாரம் சுடுவா, அதைத் தின்னா நீங்க மரத்துப் பழத்தைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீகன்னு... வாய் தவறிச் சொல்லிட்டேன் புள்ள..."

மறுபடியும் இடி. "சூரியன் மலைக்குப் பின்னால போறதுக்குள்ள அந்தப் பலகாரம் இங்க வரணும். நான் இதுவரைக்கும் தின்னதுலயே அதுதான் ருசின்னா, புருசனைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா ஒன்னும் பண்ண மாட்டேன். ஒரே ஒரு தடவை கட்டிப் பிடிப்பேன். அவ்வளவுதான்!"

மைனா சொந்தக் குரலுக்குத் திரும்பியது. "சேதி முடிஞ்சது யக்கா. கடைசியில அண்ணன் அழுதாரு. அதை விட்டுட்டேன். கேக்க நல்லா இருக்காது."

கரடியின் கட்டிப்பிடியைப் பற்றி ஒச்சம்மாவுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு காட்டெருமையை அது அப்படித்தான் ஒரே ஒரு தடவை கட்டிப் பிடித்தது. காட்டெருமை அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அவள் அழவில்லை, அதற்கு நேரம் இல்லை. இருந்த பழத்தையெல்லாம் இடித்தாள். கருப்பட்டியைக் காய்ச்சினாள். மணல் காய்வதற்குள் ஏழு சோமாசி மடித்து முறுக்கிவிட்டாள். தணலை வைத்துவிட்டு, மூடியைத் திறக்கக் கை பரபரக்கப் பரபரக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாதியில் திறந்தால் மாவு வேகாது. வேகாத மாவுக்குப் புருஷன் கிடைக்க மாட்டான்.

"யக்கா, சூரியன் ரெண்டு பனை உசரத்துல இருக்கு!" என்றது கூரைமேல் இருந்த மைனா. கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்றரைப் பனை!" என்றது.

மணம் மாறியது. மூடியை எடுத்தாள். ஏழும் பொன்னாக வெந்திருந்தன. இரண்டு குடம் தண்ணீருக்கு ஏது நேரம்? ஓலைப்பெட்டியில் ஏழையும் அடுக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலையேறி ஓடினாள். முள் கிழித்தது. செருப்பு ஒன்று அறுந்தது. எதிர்காற்று சில்லென்று முகத்திலும் பெட்டியிலும் அடித்தது.

அத்திமரத்தின் உச்சிக்கிளையில், காயப்போட்ட வேட்டிபோல் அழகுமலை தொங்கிக்கொண்டிருந்தான். கீழே கரடி. சூரியன் மலைமுகட்டைத் தொட ஒரு முழம்தான் பாக்கி.

"கொண்டாந்துட்டேன் கரடியண்ணே!" என்று மூச்சிரைக்கப் பெட்டியைத் திறந்தாள் ஒச்சம்மா.

கரடி மூக்கை நீட்டி முகர்ந்தது. "ம்ம்ம்... வாசனை வருது. பழத்தைக் காணோமே?"

"உள்ள இருக்குண்ணே."

"உள்ள இருக்கா? பழத்துக்குள்ள விதை இருக்கும், தெரியும். மாவுக்குள்ள பழம் எப்படிப் போச்சு?"

"நான்தான் வெச்சேன்."

"எதுக்கு ஒளிச்சு வெச்சே?"

"பலகாரமே அப்படித்தாண்ணே. ஒரு நிமிசம் பொறுங்க, ஆறட்டும். உள்ள கொதிக்குது."

"ஆமாண்ணே, கொதிக்கும்! நான் பட்டவன்!" என்றான் உச்சிக்கிளையிலிருந்து அழகுமலை.

கரடி கண்ணை இடுக்கியது. "ஓஹோ! புருசனும் பொண்டாட்டியும் பேசி வெச்சுக்கிட்டீகளா? ஆறட்டும், ஆறட்டும்னு இருட்டுற வரைக்கும் இழுப்பீக. அப்புறம் ஊரே தீப்பந்தத்தோட மேல ஏறி வரும். எனக்குத் தெரியாதா?" ஒரு சோமாசியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தது. மலைக்காற்று பட்டுத் தோல் சில்லென்றிருந்தது. "ஆறித்தானே இருக்கு, பொய்க்காரி!"

"வேண்டாம்ணே!"

லபக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கரடியின் கண்கள் மட்டும் மெல்ல, மெல்லப் பெரிதாயின. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! காட்டிலிருந்த பறவை அத்தனையும் பறந்துவிட்டது. அந்தச் சத்தத்தைத் தானும் போட்டுப் பார்க்கலாம் என்று மூச்சை இழுத்த மைனா, பாதியிலேயே கிளையிலிருந்து கீழே விழுந்தது. கொதிக்கிற கருப்பட்டியும் அத்திப்பழமும் கரடியின் மேல்வாய் முன்பல்லில் பசைபோல் ஒட்டிக்கொண்டன. கரடி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. பூரணம் வந்தது. கூடவே மேல்வாய் முன்பல் இரண்டும் வந்துவிட்டன.

கரடி பல்லைப் பார்த்தது. ஒச்சம்மாவைப் பார்த்தது. இரண்டு காலில் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்தது.

"ஓடு புள்ள, ஓடு!" என்று கத்தினான் அழகுமலை.

அவள் ஓடவில்லை. ஓடினால் கரடி அழகுமலையைப் பிடிக்க மரத்தில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். அழகுமலை வாயைச் சுட்டுக்கொண்ட அன்றைக்கு அவனை அதட்டிய அதே குரலில் கரடியையும் ஓர் அதட்டுப் போட்டாள். "கையைக் கீழ போடு! ஊது! உதட்டைக் குவிச்சு வெளிய ஊது! உஃப்! உஃப்!"

இதுவரை கரடியை யாரும் அதட்டியதில்லை. அது திகைத்துப்போய் உதட்டைக் குவித்தது.

உஃப்!

காய்ந்த சருகெல்லாம் பறந்தது. இன்னொரு உஃப். எரிச்சல் ஒரு பிடி இறங்கியது. இன்னொன்று. விரித்த கை தானாகக் கீழே வந்தது.

ஒச்சம்மா ஒரு சோமாசியை இரண்டாகப் பிட்டாள். உள்ளேயிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. "இதைத்தானேண்ணே சொன்னேன்? நான் ஒன்னும் பொய் சொல்லலையே" என்றாள். ஊதினாள். ஒரு பாதியைத் தான் தின்றாள். மறு பாதியை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கரடி ஊதியது. அப்புறம், கடிக்கப் பயந்துகொண்டு, பல் போன சந்தில் வாயை வைத்து, சர்ர்ரென்று பூரணத்தை உறிஞ்சியது.

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து எத்தனையோ தின்றிருக்கிறது. ஆனால் எதுவும் நாக்கில் இவ்வளவு நேரம் தங்கியதில்லை.

"தங்கஸ்ஸி" என்றது, முன்பல் போன வாயால். "இன்னும் ஒன்னு குடு."

ஒச்சம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெட்டியையே தூக்கிக் கொடுத்தாள். உஃப், சர்ர்ர். உஃப், சர்ர்ர். ஐந்தும் தீர்ந்தன. கரடி பெட்டியின் ஓலையையும் நக்கியது.

"இதுதான் ருஸி. கூட்டிட்டுப் போ உன் புருஸனை. கூடையையும் எடுத்துக்க. பழம் வேணும்னா எப்ப வேணா வாங்க."

அழகுமலையால் இறங்க முடியவில்லை. விரல்கள் கிளையைப் பிடித்த பிடியில் விறைத்துப் போயிருந்தன. கடைசியில் கரடியே மரத்தடியில் வந்து நின்று தோளைக் காட்டியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தத் தோளில் கால் வைத்து இறங்கினான். தரையைத் தொட்டதும் பெண்டாட்டியை நோக்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"போதும் மாமா" என்று விலகிக்கொண்டாள் ஒச்சம்மா. "இன்னிக்கு யாரும் யாரையும் கட்டிப் பிடிக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. அவனும் சிரித்தான். ஒரு காலில் செருப்போடு அவளும், நிறைந்த கூடையோடு அவனும் மலையிறங்கினார்கள். பின்னாலேயே பறந்து வந்த மைனா வழியெல்லாம் உஃப், சர்ர்ர் என்று பழகிக்கொண்டு வந்தது.

மறுநாள் பொழுது விடிந்ததும் கரடிக்குச் சோமாசி ஞாபகம் வந்துவிட்டது. காடெல்லாம் தேடியது. ஒரு மேட்டில் பழுப்பாக, உருண்டையாக, வெயிலில் வெந்து இறுகிய புற்று ஒன்று நின்றது. கரடி மோந்து பார்த்தது. உள்ளே என்னவோ இருந்தது. மாவு கெட்டி, பூரணம் உள்ளே. அடையாளம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நகத்தால் பிட்டது. அவசரப்படவில்லை. உதட்டைக் குவித்து நன்றாக ஊதியது. அப்புறம் பல் போன சந்தால் உறிஞ்சியது.

அன்று முதல்தான் கரடிக்கு மேல்வாயில் முன்பல் இரண்டு இல்லை. புற்றைக் கண்டால் உஃப், உஃப் என்று ஊதிவிட்டு, காடே கேட்கிற மாதிரி சர்ர்ரென்று உறிஞ்சுகிறது. உள்ளே இருப்பது கறையான் என்று இன்றுவரை யாரும் அதனிடம் சொல்லவில்லை.