மெலிசாய் ஓடிய தண்ணீர்

கோமளவல்லிக்கு அநியாயம் நடந்துவிட்டது. கை வெடித்திருக்கிறது, தொத்து வியாதியாக இருக்கும் என்று சொல்லி, எட்டு மாதக் குழந்தையை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள் மாமியார். எல்லாம் சுண்ணாம்பு கலந்த இந்த போர்வெல் தண்ணீரால்தான் என்று கோமளவல்லி வாதாடிப் பார்த்தாள். "சுண்ணாம்பை எடுக்கத்தானே வாட்டர் சாஃப்ட்னர் வச்சிருக்கு?" என்று வாயை அடைத்தார்கள். அதை வைத்துக்கொடுத்த நாகராசனும், "மெஷின்ல ஒரு குறையும் இல்லை. கோளாறு உடம்புலதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சொன்ன சொல் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தியது. தொழில் சொல்லிக்கொடுத்த ரெஜினாவைத் தேடிப் போனார். ரெஜினா அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

"ஒரு வீட்டு சாஃப்ட்னருக்கு வால்வு சைஸை எதை வச்சு முடிவு பண்றது, டீச்சர்?"

"நீங்க எதை வச்சுப் பண்ணீங்க?"

"பொங்கலுக்கு மூணு மகனும் பெங்களூர்லேருந்து வருவாங்க, மூத்தவங்க ரெண்டு பேர் குடும்பத்தோட. மூணு ஷவரையும் ஒண்ணாத் திறந்தாலும் தண்ணி குறையக் கூடாதுன்னு மூத்தவர் சொன்னார். இருக்கறதிலேயே பெருசாப் போட்டேன்."

"மத்த நாள்ல யார் இருப்பா?"

"மாமியாரும் கடைசி மருமகளும். அவ புருஷனும் பெங்களூர்லதான்."

"மருமககிட்ட கேட்டீங்களா?"

நாகராசன் சிரித்தார். "பாத்திரம் கழுவுற பொண்ணு. அதுகிட்ட என்னத்தைக் கேட்க?"

ரெஜினா சிரிக்கவில்லை. "வண்டியை எடுங்க."

அவர்கள் போனபோது கோமளவல்லி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து நூலாய்த் தண்ணீர் இறங்கியது.

"எப்பவும் இவ்வளவுதான் திறப்பியாம்மா?" என்று கேட்டார் ரெஜினா.

கோமளவல்லி கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு மேல திறந்தா, இது என்ன உங்க அப்பன் வீட்டு போரான்னு கேட்பாங்க."

ரெஜினா நாகராசனைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். சாஃப்ட்னரின் தலையில் வால்வு. அதில், போகிற தண்ணீரை எண்ணும் மீட்டர். எண்ணிக்கை குறித்த அளவைத் தொட்டால்தான் மெஷின் உள்ளே சேர்ந்த சுண்ணாம்பைத் தானே அலசித் தள்ளும். அலசாவிட்டால், போர் தண்ணீர் சுண்ணாம்போடு வந்தபடியே குழாய்க்குப் போகும்.

சமையலறையில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மீட்டரில் எண் அசையவில்லை.

பாத்திரமெல்லாம் கழுவி முடிந்தது. அப்போதும் அசையவில்லை.

நாகராசன் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றார் ரெஜினா. "பெரிய வால்வு. இவ திறக்கற மெலிசு ஓட்டம் அதுக்குக் கணக்கே இல்லை. அப்புறம் எப்படி அலசும்?"

நாகராசன் கூடத்துக்குப் போய் மாமியார் முன்னால் நின்றார்.

"தப்பு என்னோடதும்மா. தண்ணிதான் கையைக் கெடுத்திருக்கு. தொத்தெல்லாம் இல்லை. குழந்தையைக் குடுத்துடுங்க."

"முதல்ல ஆறட்டும். பார்க்கலாம்."

கோமளவல்லி கையை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பி மாமியார் தோளில் புதைத்துக்கொண்டது. நீட்டிய கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

தெருவுக்கு வந்தும் நாகராசன் வண்டியை எடுக்கவில்லை.

"நாளைக்கே சின்ன வால்வா மாத்திடறேன், டீச்சர்."

"ம்."

"பொங்கலுக்கு வந்தா ஷவர்ல தண்ணி மெலிசா வருதுன்னு சண்டைக்கு நிப்பாங்களே. என்ன சொல்ல?"

"ஒருத்தி வருஷம் பூரா மெலிசாத்தான் திறக்கறா. ஒரு நாள் நீங்களும் அதுலயே குளிங்கன்னு சொல்லுங்க."