துண்டுக்கு அடியில் ஐந்து கைகள்

"இந்தச் சபையில ஒருத்தர் படிக்காத நூலைப் புகழ்ந்து எழுதியிருக்கார்! பேர் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்!"

தீத்தாரப்பன் போட்ட சத்தத்தில், அரசர் வீரமல்லர் மென்றுகொண்டிருந்த வெற்றிலை வாயில் அப்படியே நின்றது. கவரி வீசுகிறவளின் கையும் நின்றது.

தீத்தாரப்பனுக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. மாட்டுச் சந்தையில் ஏமாந்து, உதைபட்டு, பிறகு ஏமாற்றுகிறவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட தரகன் அவன். ஒருமுறை அரண்மனைக்கு உழவு மாடு விற்க வந்தான். அவன் பேரம் பேசிய அழகைப் பார்த்த அரசர், மாட்டை விட்டுவிட்டு ஆளைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. தலைமைப் புலவர் 'மேகவிரட்டு விளக்கம்' என்று ஒரு நூல் எழுதியிருந்தார். மூன்று வருஷமாக நாட்டில் மழை இல்லை. ஏன் இல்லை? ஏரியின் கிழக்குக் கரையில் கூடுகிற மாட்டுச் சந்தைதான் காரணம். குளம்புப் புழுதி மேலே கிளம்பிப் போய் மேகத்தை விரட்டிவிடுகிறது. இதுதான் நூலின் முடிவு.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஒரு நூலுக்கு ஐந்து புலவர்கள் பாராட்டிப் பாயிரம் எழுதிவிட்டால், அதில் சொன்னது உண்மை. அப்புறம் பேச்சே கிடையாது. இந்த நூலுக்கு ஐந்து பாயிரமும் வந்தாகிவிட்டது. விடிந்தால் சந்தையைக் கலைக்க ஆள் போகும்.

தீத்தாரப்பனின் அக்கா சடைச்சி அங்கேதான் மூக்கணாங்கயிறு விற்றுப் பிழைக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டதும் அவள் சொன்னாள்: "ஏன்டா தம்பி, மேகத்தையே விரட்டுற அளவுக்கு எனக்குச் சக்தி இருந்தா, முதல்ல என் மாமியாரை விரட்டியிருக்க மாட்டேனா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை.

"தீத்தாரப்பா, ஐந்து பேரும் பெரிய மனிதர்கள். பார்த்துப் பேசு" என்றார் அரசர்.

"பேசலை மகாராஜா. சந்தையில நாங்க வாயால பேரம் பேசவே மாட்டோம். துண்டு போட்டுத்தான்."

தோளில் கிடந்த துண்டை உதறினான். "விலை கேட்கிறவன் கையையும் சொல்றவன் கையையும் துண்டால மூடிடுவோம். உள்ளே விரலைப் பிடிச்சுத்தான் பேச்சு. ஒருத்தன் சொன்னதைக் கேட்டு இன்னொருத்தன் ஒட்டிச் சொல்ல முடியாது பாருங்க. ஐயாமாருங்க ஒவ்வொருத்தரா வரட்டும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்பேன். சந்தைதான் காரணம்னு நிரூபிக்க இந்த நூல்ல எத்தனை ஆதாரம் காட்டியிருக்கு?"

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நடக்கட்டும்!"

முதல் புலவர் வந்தார். துண்டுக்குள் மூன்று விரல் நீட்டினார். இரண்டாமவர் பெருந்தன்மையாக ஐந்தும் நீட்டினார். மூன்றாமவர் ஒரு கை போதாமல் இன்னொரு கையையும் உள்ளே விட்டார். நாலாமவர் நாலு நீட்டி, தீத்தாரப்பன் முகத்தைப் பார்த்து, ஒன்றை மடக்கி, மறுபடி பார்த்து, இன்னொன்றையும் மடக்கினார். ஐந்தாமவர் விரலை நீட்டவே இல்லை. குனிந்து, "எனக்கு முந்தினவர் எத்தனை சொன்னார்?" என்று காதைக் கடித்தார்.

தீத்தாரப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உரக்கச் சொன்னான். சபை குலுங்கியது.

"நான் ஒருத்தரைத்தான் சந்தேகப்பட்டேன் மகாராஜா. இப்ப ஐந்து பேரும் தேறிட்டாங்க!"

"புலவரே, படித்தீரா இல்லையா?" என்று அரசர் முதலாமவரைக் கேட்டார்.

"ஆசிரியர் பெரியவர் அரசே... அந்த மரியாதையில் எழுதினேன்."

"நீர்?"

"இவர் எழுதியிருந்தாரே என்று நானும்..."

மற்ற மூவரையும் அரசர் கேட்கவே இல்லை. "சரி, உண்மையில் எத்தனை ஆதாரம்?"

"ஒண்ணே ஒண்ணு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன், ஆனா முழுசாப் படிச்சேன். 'சந்தை வந்தது, மழை நின்றது.' இதையேதான் பாட்டுப் பாட்டாத் திருப்பிப் பாடியிருக்கார்."

தலைமைப் புலவர் கொதித்து எழுந்தார். "ஒன்று போதாதா? கிழக்குக் கரைக்குச் சந்தை வரும்வரை மழை பெய்தது. வந்த வருஷமே நின்றது. இதற்குமேல் என்ன நிரூபிக்க வேண்டும்? தரகனுக்கு இது புரியாது!"

"புரியுதுங்க ஐயா, நல்லாவே புரியுது. அந்த வருஷம் சந்தை வந்தது. வேற எதுவும் வரலையா?"

"வேறென்ன?"

"தாங்கள் வந்தீங்களே! அதே வருஷம் ஆடி மாசந்தானே அரண்மனையில தலைமைப் புலவரா அமர்ந்தீங்க? நீங்க வரும்வரை மழை பெய்தது. வந்த வருஷமே நின்றது. புழுதியாவது பனைமர உயரம் போகும். உங்க பாட்டு வானத்தையே எட்டும்னு நீங்களே பாடியிருக்கீங்க. மேகம் எதைக் கேட்டு ஓடுச்சோ!"

அரசர் தாடையைத் தடவினார். "நியாயமாகத்தான் படுகிறது. விடிந்ததும் சந்தையோடு சேர்த்துப் புலவரையும் எல்லைக்கு வெளியே..."

"அரசே!" புலவர் அலறினார். "இது என்ன அநியாயம்! இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால், ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா? எந்த மடையன் இப்படி வாதாடுவான்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

அரசர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. சந்தையைக் கலைக்கும் ஆணையை அங்கேயே ரத்து செய்தார். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "பிடி தீத்தாரப்பா! இன்னும் என்ன வேண்டும், கேள்!"

தீத்தாரப்பன் மோதிரத்தை வாங்கி வேட்டி முனையில் முடிந்துகொண்டான். பேரத்தில் கிடைத்ததை விடுகிறவன் இல்லை அவன். பிறகு நேராகத் தலைமைப் புலவர் முன் போய் நின்று, எழுத்தாணியை நீட்டினான்.

"ஐயா, உங்க நூலை மறுக்க எனக்குப் படிப்புப் போதாது. இப்ப அலறினீங்களே, அதை ஒரு எழுத்து விடாம நூலோட கடைசி ஏட்டுல எழுதுங்க. எழுதி, நாளைக்குச் சந்தைக்கு வந்து, எங்க அக்கா முன்னால நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. உங்க வாழ்க்கையில சரியா வாதாடினது அந்த ஒரு வரிதான். எழுதுங்கய்யா!"