ஒன்பது கிலோஜூல்

வெப்பம் அளக்கும் கலோரிமீட்டர் ஓடும் அறையில் மின்விசிறி போடக் கூடாது. காற்று பட்டால் வெப்பக் கணக்கு கெட்டுவிடும். அதனால் இசக்கிமுத்து ஐந்து வருடமும் வியர்த்துக்கொண்டேதான் ஆராய்ச்சி செய்தான்.

டங்ஸ்டனும் கரியும் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடில் ஒரு வகையை ஆக்சிஜனில் எரித்து, எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்று அளப்பது அவன் வேலை. அளந்தும் விட்டான். தரவுக் கையேடுகள் சொல்வதைவிட ஒன்பது கிலோஜூல் கூடுதலாக வந்து நின்றது.

அவனுடைய நெறியாளர் ரெஜினாள் மேடம் அந்த எண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கிண்ணத்தக் காட்டு."

கிண்ணத்தில் மஞ்சள் தூள் இருந்தது. டங்ஸ்டன் முழுதாக எரிந்தால் மஞ்சளாகும். அரைகுறையாக எரிந்தால் எங்காவது நீலம் தட்டும், வெப்பமும் குறைவாக வரும். மேடம் குண்டூசியால் அடிவரை கிளறினார்.

"நீலம் இல்ல. அப்போ உன் மாதிரியில தனிக் கரி கலந்திருக்கும். கரி எரிஞ்சா வெப்பம் கூடத்தான செய்யும்?"

ஒரு வாரம் சோதித்தான். தனிக் கரி இல்லை.

"தெர்மாமீட்டர்?"

மாற்றினான். அதே ஒன்பது.

"எடை யாரு போட்டா?"

"நான்தான் மேடம்."

"வேற யாரையாவது போடச் சொல்லு."

வேறொருவனை எடை போடவைத்தான்; அதே ஒன்பது. அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். 'இத நீயேதான் எழுதினியா?' என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்டிருக்கிறார்கள். மேடம் சொன்னதும் அந்தக் கேள்வியாகவே அவன் காதில் விழுந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க மாதக் கடைசி வரைதான் கெடு. தவறினால் பதிவு ரத்து. ஐந்து வருடமும் வீண். மேடம் கையெழுத்துப் போடாமல் ஏடு ஓரடி நகராது.

பக்கத்து மேசை ஜெபசிங் சிரித்தான். "அண்ணே, பேசாம ஒம்பதக் கழிச்சிட்டு எழுதுங்க. புத்தகத்தோட பொருந்திட்டா கிண்ணத்தக்கூடக் கேக்க மாட்டாங்க."

இசக்கி கழிக்கவில்லை. அதில் பாதி நேர்மை, பாதி பயம். நேராக மேடத்திடமே போய் நின்றான்.

"மேடம், பதினோரு புத்தகம் ஒரே எண்ணச் சொல்லுது. நான் ஒருத்தன்தான் வேற சொல்றேன். அதான என்னைச் சந்தேகப்படுறீங்க?"

"பதினொண்ணுன்னு எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒவ்வொண்ணும் யார்கிட்ட இருந்து எடுத்துச்சுன்னு பாத்தியா?"

அதைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் நூலகமே கதி என்று கிடந்தான். பதினோராவது புத்தகம் எட்டாவதைக் கை காட்டியது. எட்டாவது மூன்றாவதை. எல்லாம் கடைசியில் ஒரே கட்டுரையில் போய் முட்டின. கட்டுரையோ ஒரு பழைய ஆய்வேட்டிலிருந்து எடுத்ததாகச் சொன்னது. ஏடு அதே நூலகத்தின் மாடியில் இருந்தது. நாற்பது சேர்மங்களை அளந்த தடித்த ஏடு. அவன் தேடிய எண் ஓர் அட்டவணையில் ஒற்றை வரி. முதல் பக்கத்தைப் புரட்டினான்.

எழுதியவர், ச. ரெஜினாள்.

நின்ற இடத்திலேயே அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தான். எடை இருந்தது. வெப்பநிலை இருந்தது. மாதிரியின் தூய்மைகூட இருந்தது. எரிந்து மிஞ்சியது என்ன நிறம் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஏட்டைக் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்தான்.

"இது உங்க எண்."

"ஆமா."

"உங்க எண்ணக் காப்பாத்தத்தான் என்னை இழுத்தடிச்சீங்களா?"

ஜெபசிங் சத்தமில்லாமல் எழுந்து வெளியே நழுவினான். மேடத்துக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

"என் ஏட்டுல அந்தப் பகுதிய முழுசாப் படிச்சியா?"

"ரெண்டு தடவ."

"சரி, நான் உன்னக் கேட்ட மாதிரி நீ கேளு."

இசக்கி கேட்டான். "எரிஞ்சதுக்கு அப்புறம் கிண்ணத்தப் பாத்தீங்களா மேடம்?"

"பாக்கல. கணக்குப்படி எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்துல வந்துச்சு. சந்தோஷத்துல கழுவிக் கவுத்திட்டேன்."

மேடம் அவனுடைய ஆய்வேட்டுப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினார். அவன் அதை எடுக்காமல் நின்றான்.

"உங்க கைடு ஒண்ணும் கேக்கலையா?"

"அவரு எதுக்குக் கேக்கப் போறாரு? என் மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."