வளையல்காரர் அளந்த தோட்டா

"மாஸ்டர், என் கை போயிடுச்சு. நான் வீட்டுக்குப் போறேன்," என்றார் நாகூர் மீரான்.

ரைபிள் கிளப்பின் மேஜைமேல் இருபது தோட்டாக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் அவரே தயார் செய்தவை. நாளைக் காலை போட்டி. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு அதுதான் முதல் போட்டி. சொந்தக் கையால் செய்த தோட்டாவில்தான் சுடுவேன் என்று வீம்பு பிடித்தவரும் அவரேதான்.

பொற்கொடி மாஸ்டருக்கு வயது முப்பத்தைந்து. நாற்பது வருஷம் கடைவீதியில் வளையல் விற்றவரை அவள் சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டபோது கிளப்பில் சிரிக்காத ஆள் இல்லை. அவளுடைய வளைகாப்புக்கு வளையல் போனதும் அவர் கடையிலிருந்துதான்.

"என்ன ஆச்சு, பாய்?"

"நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். பித்தளைக் கூட்டுல மருந்து போட்டு, குண்டை வச்சு அழுத்தினேன். மெஷின் அளவை மாத்தவே இல்ல. அளந்து பார்த்தா ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை."

"எதுக்கு அளக்கச் சொன்னேன்?"

"குழலுக்குள்ள இருக்கிற முறுக்கு வரி குண்டை எங்க பிடிக்குதோ, அந்த இடம் இருபதுலயும் ஒரே உயரத்துல இருக்கணும்." பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தார். "அதான் இல்லையே!"

"எங்க, அளந்து காட்டுங்க."

வெர்னியர் அளவுகோலின் ஒரு தாடையில் தோட்டாவின் அடியை வைத்தார். மறு தாடையை ஈய நுனியில் கொண்டுவந்து முட்டவிட்டார். டப்பாவிலேயே உரசி, சில குண்டுகளின் நுனி மழுங்கியிருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு பொண்ணு கையைக்கூடக் கீறினதில்ல இந்த விரல். இப்ப நடுங்குது போல. நீளமானதையெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்திடவா?"

"தொடாதீங்க!"

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளோ எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினாள்.

"எனக்கு என்ன சைஸ், பாய்?"

"துப்பாக்கிப் பேச்சுல வளையல் எதுக்கு மாஸ்டர்?"

"சொல்லுங்க."

பழக்கம் விடுமா? அவள் வலது கையைக் குவித்துப் பிடித்து, விரல் முட்டிகளை ஒருமுறை அழுத்தினார். விரல் நடுங்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

"ரெண்டு ஆறு."

"இடது கை?"

"அதுவும் ரெண்டு ஆறுதான்."

"சரியாப் பாருங்க. சுடுற கையில நகத்தை ஒட்ட வெட்டியிருக்கேன். இதுல எவ்வளவு நீளமா வளர்த்து, சாயம் வேற பூசியிருக்கேன். இது பெரிய கை இல்லையா?"

நாகூர் மீரானுக்குக் கோபமே வந்துவிட்டது. குருவானாலும் அவர் தொழிலைப் பற்றி உளறினால் பொறுக்க மாட்டார்.

"நகத்துக்கும் வளையலுக்கும் என்னம்மா சம்பந்தம்? வளையல் முட்டியிலதானே பிடி..."

சொல்லி முடிக்காமலே எழுந்தார்.

கருவிப் பெட்டியைக் குடைந்தார். சின்ன இரும்பு நட்டு ஒன்றை எடுத்தார். கைக்குழந்தைக்கு வளையல் போடுவதுபோல, குண்டின் நுனி வழியாக மெதுவாக மாட்டினார். நுனியைத் தாண்டி இறங்கிய நட்டு, குண்டு தடிக்கும் இடத்தில், குழலின் வரி பிடிக்கும் இடத்தில், நின்றது.

அடியிலிருந்து நட்டு வரை அளந்தார். அடுத்ததை அளந்தார். அதற்கு அடுத்ததையும்.

இருபதாவதை முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாய், வீட்டுக்குப் போகலையா?"

"எல்லாம் ரெண்டு ஆறு, மாஸ்டர்."