இரண்டு நிமிடம் பத்து நொடி

ததேயு தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருக்க முடியாமல் பாட்டுப் பதிவு படிக்கப் போனார். அவருக்குக் குருவாக வாய்த்தவள் ஷெர்லின். அவருடைய மகனைவிட இரண்டு வயது சின்னவள். வீட்டு மாடியில் ஓர் அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்து வைத்திருந்தாள். கோயில் பாட்டுகளும் கல்யாண வீடியோவுக்கான குரல்களும் அங்கேதான் பதிவாகும். அவளை அவர் டீச்சர் என்பார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் கேலி போய்விட்டது, கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது.

ஷெர்லின் அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, ஒரு வேலை வரும்.

ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் அனுப்பின பாட்டு என் தம்பிகிட்ட திறக்கலையாம்."

"என்ன எழுதியிருக்கார்?"

"திறக்கல. அவ்வளவுதான் எழுதியிருக்கான்."

ததேயுவுக்கு அந்த ஒரு வார்த்தையே பெரிசு. தம்பி பெனடிக்ட் மஸ்கட்டில் இருக்கிறான். அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது.

அம்மா இறந்தபோது பெனடிக்ட்டுக்கு மறுநாள் காலை விமானம்தான் கிடைத்தது. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் போதும். ஐஸ் பெட்டி இருந்தது. பங்குச் சாமியார்கூட உங்கள் இஷ்டம் என்றுதான் சொன்னார். ததேயுதான், ஊர் காத்துக் கிடக்கிறது என்று சாயங்காலமே அடக்கம் பண்ணிவிட்டார். மறுநாள் பெனடிக்ட் வந்து மூடிய குழியைப் பார்த்தான். அம்மா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனான். துறைமுகத்தில் ததேயுவுக்கு அவசரக்காரர் என்று பெயர். அங்கே அது நல்ல பெயர்.

அப்பா பாட்டுப் பதிவு படிக்கிறார் என்று மகன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மஸ்கட்டிலிருந்து ஒரு பாட்டு வந்தது, குரலும் கிதாரும் தனித்தனியாக இருக்கும் பதிவுக் கோப்பாக. நலமா என்ற விசாரிப்புகூட இல்லை. இறால் உரிக்கும்போது அம்மா முனகுவாளே, அந்த மெட்டு. அதற்குச் சொல் போட்டு, கிதார் வாசித்து, முதல் பாதியைப் பெனடிக்ட் பாடியிருந்தான். இரண்டாம் பாதியில் கிதார் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அங்கே பாட வேண்டிய வரிகளை எழுதி வைத்திருந்தான், பாடவில்லை. யாருக்காக விட்டிருக்கிறான் என்று ததேயுவுக்குத் தெரிந்தது. ஆசை அடங்காமல் அன்றைக்கே பாடிச் சேர்த்து அனுப்பினார். அதைத்தான் தம்பியால் திறக்க முடியவில்லை.

"அவர் கம்ப்யூட்டர் பழசா?" என்றாள் ஷெர்லின்.

"பன்னெண்டு வருஷப் பழசு. மாத்தினா, கிதாரைக் கம்ப்யூட்டர்ல இணைக்கிற பெட்டி புதுசுல வேலை செய்யாதாம், மாத்த மாட்டேங்கான். என்னது மகன் வாங்கித் தந்த புதுசு. அவன் பாட்டைத் திறந்ததும், இது பழைய பாட்டு, புதுசா மாத்தட்டுமானு என்னமோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

"முழுசா படிச்சிட்டா அமுக்குனீங்க?"

ததேயு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் பாட்டு எங்கிட்ட திறக்குது. என் பாட்டு அவங்கிட்ட திறக்க மாட்டேங்குது. இது என்ன நியாயம் டீச்சர்?"

"உங்க கம்ப்யூட்டருக்கு அவர் கம்ப்யூட்டரைத் தெரியும். அதுக்கு உங்களோடதைத் தெரியாது. தெரிஞ்சவங்கதான் இறங்கிப் போகணும்."

பிறகு வேலையைச் சொன்னாள். "முழுப் பாட்டையும் அப்படியே அனுப்ப வேண்டாம். உங்க குரலை மட்டும் தனி ஒலிக் கோப்பா எடுத்து அனுப்புங்க. அது எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும். ஆனா அண்ணாச்சி, பாட்டோட பூஜ்ய நொடியில இருந்து எடுங்க."

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தார். அவர் குரல் இரண்டு நிமிடம் பத்து நொடியில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் திரையில் சத்தமில்லாத நேர்கோடு, வேறொன்றும் இல்லை. ஒன்றுமில்லாததை கடல் தாண்டி அனுப்புவானேன் என்று அந்த முன்பகுதியை நறுக்கிவிட்டு, குரலை மட்டும் அனுப்பினார்.

புதன்கிழமையே ஷெர்லின் வீட்டுப் படியேறினார். சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. போனை நீட்டினார்.

"பொருந்தல. நான் பாடுறதுக்குள்ள நீ முந்தி வாறே. விட்டுரலாம் அண்ணே," என்று இருந்தது.

"பதினொரு வருஷம் கழிச்சு அண்ணேனு எழுதியிருக்கான். எழுதினதும் எதுக்கு? விட்டுரலாம்னு சொல்றதுக்கு."

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னார். அவர் முடித்த பிறகு அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"துறைமுகத்துல காலி கன்டெய்னரை என்ன செய்வீங்க?"

"கப்பல்ல ஏத்தி அனுப்புவோம்."

"காலியைப் போயா?"

"அங்க அது வேணும்லா? அது போகலைன்னா அடுத்த சரக்கை எதுல ஏத்துவான்?" சொல்லிவிட்டு ததேயு நிறுத்தினார். "சரி டீச்சர், புரிஞ்சுது. முன்னாடி ரெண்டு நிமிஷம் பத்து நொடி காலியா ஒட்டி அனுப்பிருதேன். ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

"பட்டன் வேண்டாம். முதல்ல இருந்து திரும்பப் பதியுங்க. பாட்டு ஆரம்பிக்கும்போதே மைக் முன்னாடி நில்லுங்க. மைக் ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

"எனக்கு ரெண்டு பத்துலதான வேலை?"

"தம்பி பாடினதை முழுசா கேட்டிருக்கீங்களா?"

ததேயு சுவரில் இருந்த மெத்தையைப் பார்த்தார். கேட்டதில்லை. பாட்டைத் திறந்தவுடன் திரையில் ஓடும் கோட்டை நகர்த்தி இரண்டு பத்தில் வைத்துவிடுவார். முதல் நாள் நான்கு வரி கேட்டார். தம்பியின் குரல் வயசாகி அம்மாவின் குரலைப் போல ஆகியிருந்தது. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை, அம்மாவின் வீட்டில் முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு நின்றார். அந்த வீட்டில்தான் இப்போதும் குடியிருக்கிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பெனடிக்ட் பாட ஆரம்பித்தான். கிரேன் உச்சியில் உட்கார்ந்து கப்பலுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தவர்தான் ததேயு. இந்த இரண்டு நிமிடம் அதைவிட நீளமாக இருந்தது. பாதியில் மீன்காரம்மா வந்து வாசல் கேட்டைத் தள்ளினாள். அது எப்போதும் போலத் தரையில் இழுபட்டுக் கத்தியது. ததேயு திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி ஒரு வார்த்தையில் மூச்சு வாங்கினான், அடுத்த வார்த்தையில் தடுமாறினான், சமாளித்துப் பாடி முடித்தான். பிறகுதான் ததேயு வாயைத் திறந்தார். குரல் கம்மியிருந்தது.

அனுப்புவதற்கு முன் ஷெர்லினுக்குப் போன் பண்ணினார்.

"நடுவுல வாசல் கேட் சத்தம் விழுந்திருச்சு. அழிச்சிரவா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

அனுப்பிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாள் போனது. சனிக்கிழமை வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். போனை மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேர்த்து விறுவிறுக்கப் படியேறி வந்தார். போனை அவளிடம் கொடுத்தார். பெனடிக்ட் இரண்டு வரி எழுதியிருந்தான்.

"பொருந்திருச்சு."

அதற்குக் கீழே, "அம்மா வீட்டுக் கேட் இன்னும் தரையில உரசுதா?"

ஷெர்லின் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். ததேயு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை அவர் மறைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு விளங்கல டீச்சர். அதே வரிதான், அதே தொண்டைதான். முன்ன அனுப்பினது இதைவிட நல்லாவே இருந்துச்சு. அதையும் ஒரு பட்டனை அமுக்கிச் சரியான இடத்துல வச்சிருக்கலாம். அந்த ரெண்டு நிமிஷம் பத்து நொடியில நான் ஒரு எழுத்துகூடப் பாடலியே. அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

ஷெர்லின் அவர் லேப்டாப்பைத் திறந்தாள். தம்பியின் குரலையும் கிதாரையும் நிறுத்தினாள். அவர் பதிவை மட்டும் விட்டு, சத்தத்தைக் கூட்டி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். ததேயு கேட்டார். முதலில் அவருடைய மூச்சு. பிறகு கேட் உரசுவது. யாரோ எச்சில் விழுங்குவது, அதுவும் அவர்தான். கால் மாற்றி நிற்கும்போது தரை ஓடு அசைவது. இரண்டு நிமிடம் பத்து நொடி வந்ததும், அவர் குரல் எழுவதற்கு முன் அவள் நிறுத்திவிட்டாள்.

"முன்ன அனுப்பினதுல இது இல்லை," என்றாள்.

"எது?"

"தம்பி வந்து முடிக்கிற வரைக்கும் நீங்க காத்துக்கிட்டு நின்னது."

ததேயு ஹெட்போனைக் கழற்றவில்லை.